பூட்டு உண்டு, பூட்டச் சட்டம் இல்லை!

(தோழர்களுக்கான பயிற்சிப் பாசறையில் ஆற்றிய உரை)

ஆறு வயதுச் சிறுவன். முதல் வகுப்பு மாணவன். பள்ளிக்கூடம் செல்கிறான். அவன் தோளிலே தொங்கும் பையில் என்ன இருக்கும்? எழுத்துப் புத்தகம் இருக்கும்; எழுதுகோல் இருக்கும்; தாய் கட்டிக் கொடுத்த தின்பண்டம் இருக்கும்; மிஞ்சிப் போனால், வழியிலே பொறுக்கிய கோலிக்குண்டு இரண்டு இருக்கும். அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலே, நியூபோர்ட் நியூஸ் என்னும் நகரிலே, 2023ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பள்ளிக்குச் சென்ற ஒரு சிறுவன் கொண்டு போனது கோலிக்குண்டு அல்ல, துப்பாக்கிக் குண்டு! குண்டு மட்டுமா? குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கி! வகுப்பறையிலே பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியையை அந்தச் சிறுவன் சுட்டான். கையிலும் மார்பிலும் குண்டு பாய்ந்தது. அந்த அம்மையார் பிழைத்தது பெரும்பேறு.

துப்பாக்கி யாருடையது? திருடனுடையதா? கொள்ளைக் கூட்டத்தாருடையதா? இல்லை. அந்தச் சிறுவனின் அன்னையுடையது. சட்டப்படி வாங்கியது. வாங்கியதிலே குற்றமில்லை, வைத்த இடத்திலே இருந்தது குற்றம். ஆறு வயதுக் கைக்கு எட்டுமாறு வைத்திருந்தார். பின்னர் அந்தத் தாய் சிறைத் தண்டனை பெற்றார்.

கடல் பல கடந்த நாட்டிலே நடந்ததை இங்கே ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவை ஏசுவதற்காக நான் எழுந்திருக்கவில்லை. ஏசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். நான் காட்ட விரும்புவது வேறு. வாக்குரிமை உண்டு, பேச்சுரிமை உண்டு, பத்திரிகை உண்டு, படித்தவர் ஏராளம் உண்டு. அத்தகைய குடியாட்சி நாட்டிலே, பத்துப் பேரில் ஒன்பது பேர் விரும்புகிற ஒன்று, ஆண்டுக் கணக்கில் நடவாமற் போகிறது! எங்ஙனம் போகிறது? யார் தடுக்கிறார்கள்? எந்த வலிமையால் தடுக்கிறார்கள்? அரசியல் ஊழியம் செய்ய வந்திருக்கும் நீங்கள் அறிய வேண்டிய பாடம் அது.

அந்த நாட்டிலே தலைவலி மாத்திரை வாங்கிப் பாருங்கள். புட்டியின் மூடி எளிதிலே திறவாது. அழுத்த வேண்டும், அழுத்திக்கொண்டே திருக வேண்டும். நமக்கே சலிப்பு வரும். ஏன் அந்த ஏற்பாடு? மாத்திரையை மிட்டாய் என்றெண்ணிக் குழந்தைகள் விழுங்கினார்கள், மாண்டார்கள். 1970ஆம் ஆண்டு சட்டம் இயற்றினார்கள்: நஞ்சாகக் கூடிய பொருளைக் குழந்தை திறக்கவொண்ணாத புட்டியிலேதான் அடைத்து விற்க வேண்டும் என்று. கைநடுக்கமுள்ள முதியவர்களுக்குத் தொல்லைதான். எனினும், 'என் மாத்திரை, என் புட்டி, என் உரிமை' என்று எவரும் கொடி பிடிக்கவில்லை. குழந்தைச் சாவு குறைந்தது.

பொம்மைத் துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் குழல்முனையிலே பளிச்சென்ற செம்மஞ்சள் நிற அடைப்பு இருந்தாக வேண்டும். கரடிப் பொம்மையின் கண் கழன்று குழந்தையின் தொண்டையிலே சிக்குமோ என்று ஆராய்வதற்குக்கூட ஓர் ஆணையம் வைத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது அது. பொம்மையை அந்த ஆணையம் சோதிக்கலாம், தொட்டிலைச் சோதிக்கலாம், மிதிவண்டியைச் சோதிக்கலாம். மெய்யான துப்பாக்கியை மட்டும் தொடக்கூடாது! அதையும் சட்டமே சொல்கிறது.

பூட்டே இல்லையா அந்நாட்டிலே? உண்டு, தோழர்களே, உண்டு! 2005ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. உரிமம் பெற்ற வணிகர், கைத்துப்பாக்கி விற்கும்போது கூடவே ஒரு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ தந்தாக வேண்டும் என்றது அந்தச் சட்டம். நல்லது. வாங்கிச் சென்றவர் அந்தப் பூட்டைப் பூட்டியாக வேண்டுமா? அதைப்பற்றி நாடு முழுமைக்குமான சட்டம் வாய் திறக்கவில்லை. பூட்டை விற்கச் சொன்னது, பூட்டச் சொல்லவில்லை! அந்த விதி எந்தச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது தெரியுமா? துப்பாக்கி செய்வோர்மீதும் விற்போர்மீதும், பிறர் செய்த குற்றத்துக்காக வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிடும் சட்டத்தோடு. வணிகருக்குக் கோட்டை, குழந்தைக்கு ஒரு சிறு பூட்டு, அந்தப் பூட்டும் அட்டைப் பெட்டியிலே தூங்கலாம்!

நாடகம் எழுதுபவன் என்ற முறையிலே ஒன்று சொல்கிறேன். எங்கள் நாடகங்களிலே தகர வாள் வரும், மரத்துப்பாக்கி வரும். காட்சி முடிந்து திரை விழுந்ததும், சாமான் பெட்டியைக் கவனிக்கும் பெரியவர் ஓடி வருவார். கதாநாயகனே ஆனாலும் கையிலே விடமாட்டார். பிடுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியிலே வைத்துப் பூட்டிவிடுவார். மேடைக்குப் பின்னாலே ஊர்ப் பிள்ளைகள் சுற்றித் திரியும், ஏதாவது ஒன்று கண்ணிலே குத்திக்கொண்டால் யார் பதில் சொல்வது என்பார். மரத்துக்கே அந்தக் காவல்!

அமெரிக்காவிலே மரம் அல்ல. 2017ஆம் ஆண்டு நிலவரத்தை ஆய்ந்தவர்கள், பொதுமக்கள் கையிலே உள்ள துப்பாக்கிகள் 39 கோடியே 30 இலட்சம் என்று மதிப்பிட்டார்கள். அன்றைய மக்கள் தொகையோ 33 கோடிக்கும் குறைவு. ஆளுக்கு ஒன்று கொடுத்தபின்னும் மிச்சம்! தொட்டிலிலே கிடக்கும் குழந்தைக்கும் ஒரு பங்கு! குண்டு நிரப்பி, பூட்டாமல் வைத்த துப்பாக்கி உள்ள வீடுகளிலே வாழும் பிள்ளைகள் சுமார் 46 இலட்சம் பேர் என்று 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒன்று காட்டிற்று. 2020ஆம் ஆண்டில் துப்பாக்கியால் மாண்டவர் மொத்தம் 45,222 பேர். அவர்களிலே 1 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் 4,300க்கும் மேல். அந்த வயதினரின் உயிரைக் குடிக்கும் காரணங்களிலே அதுவரை முதலிடத்திலே நின்றது மோட்டார் விபத்து. இருக்கைப் பட்டை போட்டார்கள், சாலையைச் செப்பனிட்டார்கள், விபத்துச் சாவு இறங்கிற்று. துப்பாக்கி ஏறி வந்து முதலிடத்திலே உட்கார்ந்துகொண்டது.

பள்ளிக்கூடப் படுகொலை என்றால் பத்திரிகைகளிலே கொட்டை எழுத்து. 1999இலே கொலம்பைன், 2012இலே சாண்டி ஹூக், 2018இலே பார்க்லண்டு, 2022இலே யுவால்டி. யுவால்டியிலே 19 சிறுவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். 376 காவலர்கள் வந்து குவிந்தும், வகுப்பறைக் கதவைக் கடந்து கொலைகாரனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் ஆயின. நல்லவன் கையிலே துப்பாக்கி இருந்தால் கெட்டவன் அடங்குவான் என்று பேசித் திரிவோர் அந்த 77 நிமிடங்களை எண்ணிப் பார்க்கட்டும். ஆனால், மாண்ட பிள்ளைகளிலே பள்ளியிலே மாண்டவர் மிகச் சிலர். தெருவிலே மாள்கிறார்கள், வீட்டிலே மாள்கிறார்கள், மனமுடைந்த ஒரு நொடியிலே தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்கிறார்கள். கறுப்பு இனப் பிள்ளைகளே மற்ற எவரைக் காட்டிலும் மிகுதியாக மாள்கிறார்கள். அவர்களுக்குக் கொட்டை எழுத்து இல்லை. ஏழை வீட்டுச் சாவுக்கு எந்த நாட்டிலும் சின்ன எழுத்துத்தான் போலும்!

உரிமை, உரிமை என்கிறார்களே, அது என்ன? 1791ஆம் ஆண்டு, அமெரிக்க அரசியல் சட்டத்திலே சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம். ஒழுங்காகக் கட்டமைந்த குடிப்படை நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பதைக் கூறி, படைக்கலம் வைத்திருக்கும் மக்களின் உரிமையைப் பறிக்கலாகாது என்கிறது. ஒரு குண்டு சுட்டபின் மருந்து கெட்டித்து மறுகுண்டு போட வேண்டிய காலத்திலே எழுதிய ஒரே ஒரு வாக்கியம்!

அந்த வாக்கியத்துக்குக் காவலாளியாக நிற்பது தேசியத் துப்பாக்கிச் சங்கம். 1871இலே தோன்றியது. எதற்காகத் தோன்றியது? உள்நாட்டுப் போரிலே, வடபுலத்து வீரர்கள் குறி தவறிச் சுட்டதைக் கண்டு மனம் நொந்த தளபதிகள், குறி பார்த்துச் சுடக் கற்றுக் கொடுப்பதற்காகத் தோற்றுவித்தார்கள். நெடுங்காலம் அது அந்த வேலையைத்தான் பெரும்பாலும் செய்தது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றபோது அதற்கு இணங்கியதும் உண்டு. எப்போது இணங்கியது, கேளுங்கள்! 1967ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்துக்குள் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கி ஏந்தி நுழைந்தனர். நிறைந்த துப்பாக்கியைப் பொது இடத்திலே ஏந்தலாகாது என்று அவ்வாண்டே சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் யார்? பின்னாளிலே துப்பாக்கி உரிமையின் தோழராக விளங்கிய ரொனால்டு ரீகன்! துப்பாக்கிச் சங்கமும் அந்தச் சட்டத்தை ஆதரித்தது. வெள்ளையன் தோளிலே தொங்கினால் அது உரிமை. கறுப்பன் தோளிலே தொங்கினால் அது கலகம். உரிமை என்ற சொல்லுக்குத் தோல் நிறம் பார்த்துப் பொருள் சொல்லும் வித்தை நமக்குப் புதிதல்ல; வேறு பெயரிலே நாமும் கண்டதுதான்.

1977இலே சின்சினாட்டி நகரிலே கூடிய மாநாட்டிலே, விட்டுக்கொடுக்கவே கூடாது என்ற அணி சங்கத்தைக் கைப்பற்றியது. அன்று தொடங்கிற்று இன்றைய அரசியல்.

பணத்தாலே வென்றார்கள் என்று சிலர் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. பணம் மட்டும் வெல்லுமானால், அமெரிக்காவிலே அதைவிடப் பெரிய பணக்காரர்கள் இருக்கிறார்கள். மறு பாதி எது? உறுப்பினர்! இலட்சக்கணக்கான உறுப்பினர். ஒரு சட்டத் திட்டம் அவைக்கு வருகிறது என்றால், மறுநாளே கடிதம் எழுதுவார்கள், தொலைபேசியிலே பேசுவார்கள், கூட்டத்துக்கு நேரிலே வந்து முன்வரிசையிலே அமர்வார்கள், தேர்தல் நாளிலே மழையானாலும் பனியானாலும் வாக்குச் சாவடிக்கு வருவார்கள். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் பள்ளி மாணவனுக்குப் போடுவதுபோலத் தரம் போட்டு வெளியிடுவார்கள். 1994இலே, கொடிய வகைத் துப்பாக்கிகளின் விற்பனையைப் பத்தாண்டுக்குத் தடுக்கும் சட்டம் நிறைவேறிற்று. இரண்டே மாதத்திலே தேர்தல். கிளிண்டனின் கட்சி கீழவையை இழந்தது. சபாநாயகர் டாம் ஃபோலியே தம் தொகுதியிலே தோற்றார். 2013இலே கொலராடோ மாநிலம் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்குள் மேலவை உறுப்பினர் இருவரைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தி, பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர்களுள் ஒருவர் அந்த அவையின் தலைவர். சில நூறு வாக்குகளிலே வீழ்ந்தார். கட்டுப்பாடு வேண்டும் என்று கருதியவர்கள் அன்று எங்கே இருந்தார்கள்? வீட்டிலே இருந்தார்கள், தோழர்களே! நல்ல கருத்தோடு, வீட்டிலே இருந்தார்கள்!

சாண்டி ஹூக்கைச் சொன்னேன். கனெக்டிகட் மாநிலம், நியூடவுன் ஊர். 2012 டிசம்பர் 14. ஆறு வயதும் ஏழு வயதுமான 20 குழந்தைகள். அவர்களைக் காக்க நின்ற 6 பெரியவர்கள். சுட்டவனுக்கு வயது 20. துப்பாக்கிகள் அவன் தாயுடையவை. தாயைத்தான் முதலிலே வீட்டிலே கொன்றுவிட்டு வந்தான். நாடே அழுதது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை விரிவாகச் சோதிக்க வேண்டும் என்ற மிக எளிய திட்டம் செனட் சபைக்கு வந்தது. மாண்ட பிள்ளைகளின் பெற்றோர் மேல்மாடத்திலே அமர்ந்திருந்தனர். 2013 ஏப்ரல் 17ஆம் நாள் வாக்கெடுப்பு. ஆதரவு 54. எதிர்ப்பு 46.

எது வென்றது? 46 வென்றது!

எண்ணத் தெரியாதா அவர்களுக்கு? தெரியும். 60 பேர் ஆதரவில்லாமல் அத்தகைய திட்டம் நகராது என்பது அந்தச் சபையின் நடைமுறை. நாற்பது இலட்சத்துக்கு மேல் அல்ல, நான்கு கோடி மக்களை நெருங்கும் கலிபோர்னியாவுக்கும் செனட்டிலே இரண்டு இடம். ஆறு இலட்சத்துக்கும் குறைந்த மக்களுள்ள வயோமிங் மாநிலத்துக்கும் இரண்டு இடம். மாநிலங்களுக்குச் சம இடம் என்பதை மாநில உரிமை பேசும் நாம் குறை கூறுவதற்கில்லை. சம இடத்தோடு இந்த 60 கணக்கும் சேர்ந்தபோதுதான், சிறுபான்மை கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொள்ள வழி பிறந்தது. அந்நாட்டு மன்றத்துக்குக் காங்கிரசு என்று பெயர். பெயரைக் கேட்டு வேறு நினைவுக்குப் போய்விடாதீர்கள்!

நீதிமன்றம் என்ன செய்தது? தலைநகர் வாஷிங்டனிலே கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. வீட்டிலுள்ள மற்றத் துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கழற்றியோ, விசைக்குப் பூட்டிட்டோதான் வைக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2008ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, இரண்டையும் வீழ்த்தியது. நள்ளிரவிலே கள்வன் வந்தால் வீட்டுக்காரன் தற்காத்துக்கொள்ள வழி வேண்டாமா என்பது வாதம்.

அந்த வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஊருக்கு வெளியே தனி வீட்டிலே வாழும் விதவை, காவல் நிலையம் இருபது கல் தொலைவிலே, இரவிலே கதவு தட்டப்பட்டால் அஞ்சுவாள். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால், தன் விரல்பட்டதும் திறக்கும் பெட்டி கடையிலே கிடைக்கிறதே! விதவை நொடியிலே திறப்பாள். பேரன் திறக்க முடியாது. அதே தீர்ப்பு, விபத்தைத் தடுக்கத் துப்பாக்கியைப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லும் சட்டங்கள் செல்லாதவை என்று தாங்கள் கூறவில்லை என்றும் தெளிவாக்கியிருக்கிறது. கதவு முழுவதும் அடைபடவில்லை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தடுக்கும் மாநிலச் சட்டங்களை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், அத்தகைய சட்டங்களால் இளையோர் துப்பாக்கியால் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதும், தவறிச் சுட்டு மாள்வதும் குறைகின்றன என்பதற்குச் சான்று உண்டு என்கிறது. பள்ளிகளிலே நடந்த தாக்குதல்களை ஆய்ந்து, குடியரசுத் தலைவரைக் காக்கும் இரகசியக் காவல் துறை 2019இலே வெளியிட்ட அறிக்கை, துப்பாக்கி ஏந்தி வந்த மாணவர்களிலே நான்கில் மூன்று பங்கினர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்து வந்தனர் என்றது. கள்ளச் சந்தையிலே அல்ல, அப்பாவின் அலமாரியிலே!

ஸ்காட்லாந்து நாட்டு டன்பிளேன் ஊரிலும் ஒரு பள்ளி இருந்தது. 1996 மார்ச் 13. உடற்பயிற்சிக் கூடத்திலே 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். டென்னிஸ் ஆட்டத்திலே உலகப் புகழ் பெற்ற ஆண்டி மரே அன்று அந்தப் பள்ளியிலே சிறுவன். உயிர் தப்பியவர்களுள் ஒருவன். ஊரிலே அந்தப் பருவத்திலே மலர்ந்திருந்த பனித்துளிப் பூவின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதி, பெற்றோரும் அண்டை அயலாரும் வீடு வீடாகச் சென்றனர். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 1997 முடிவதற்குள், வலப்பக்கத்து மேஜர் அரசு பாதியும், அடுத்து வந்த பிளேர் அரசு மீதியுமாக, தனியார் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வதற்கு ஏறக்குறைய முழுத் தடை விதித்துவிட்டன. இரண்டு கட்சி, ஒரே சட்டம். ஆனால் ஒன்று: அங்கே 1791ஆம் ஆண்டு வாக்கியம் இல்லை, 39 கோடித் துப்பாக்கியும் இல்லை. டன்பிளேனைக் காட்டி அமெரிக்காவைச் சுலபமாகத் திருத்திவிடலாம் என்று பேசுவோருக்கு இதை நினைவூட்டுகிறேன்.

அமெரிக்கப் பெண்களும் கற்றுக்கொண்டார்கள். சாண்டி ஹூக் கொலை நடந்த மறுநாள், இந்தியானா மாநிலத்திலே ஷானன் வாட்ஸ் என்ற ஐந்து பிள்ளைகளின் தாய், தம் வீட்டிலிருந்தபடியே ஓர் அழைப்பு விடுத்தார். அன்னையர் அமைப்பு ஒன்று பிறந்தது. என்ன செய்தார்கள் அவர்கள்? எதிரியின் பாடப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டார்கள்! கடிதம், தொலைபேசி, முன்வரிசை, வாக்குச் சாவடி. மாநிலச் சட்டமன்றங்களிலே, சிவப்புச் சட்டை அணிந்து, குழு அறைகளிலே மணிக்கணக்கிலே அமர்ந்தார்கள். பார்க்லண்டிலே 17 பேர் மாண்ட சில நாட்களிலேயே, பிழைத்த மாணவர்கள் பேருந்தேறி ஃபுளோரிடாத் தலைநகருக்குச் சென்றார்கள். துப்பாக்கிச் சங்கத்திடம் முதல் தரம் வாங்கியிருந்த ஆளுநர் ரிக் ஸ்காட், 2018 மார்ச் 9ஆம் நாள், 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி விற்கலாகாது என்ற சட்டத்திலே கையெழுத்திட்டார். மனம் மாறியா போட்டார்? வாசலிலே நின்ற கூட்டத்தைப் பார்த்துப் போட்டார், போதும் எனக்கு! பிள்ளைகளுக்கு எட்டுமாறு துப்பாக்கி வைப்பதைக் குற்றமாக்கிய முதல் மாநிலமும் அதே ஃபுளோரிடாதான், 1989இலே.

மறுபக்கத்திலோ, துப்பாக்கிச் சங்கத்தை முப்பதாண்டுக்கு மேல் நடத்திய வெய்ன் லாபியர், 2024 ஜனவரியிலே பதவி விலகினார். உறுப்பினர் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று அடுத்த மாதமே நியூயார்க் நீதிமன்றத்திலே சான்றாளர் குழு தீர்ப்பளித்தது. பொருளாளர் தோழர்கள் யாரேனும் இங்கிருந்தால் குறித்துக்கொள்ளலாம்.

மிச்சிகன் மாநிலத்திலே ஆக்ஸ்போர்டு என்றோர் ஊர். 2021 நவம்பர் இறுதி. 15 வயது மகனுக்காகத் தந்தை கைத்துப்பாக்கி வாங்கினார், கிறித்துமசுப் பரிசு. நான்கே நாளிலே அந்த மகன் பள்ளியிலே 4 மாணவர்களைக் கொன்றான். அன்று காலையிலேதான், மகன் தீட்டிய கொடூரமான படத்தைக் காட்டி, பள்ளியார் பெற்றோரை அழைத்துப் பேசினார்கள். வீட்டுக்கு அழைத்துப் போகாமலே திரும்பினார்கள் தாயும் தந்தையும். பிள்ளை செய்த பள்ளிப் படுகொலைக்காக அமெரிக்காவிலே பெற்றோர் குற்றவாளிகளாக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2024 ஏப்ரலிலே இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. சிறார் உள்ள வீட்டிலே துப்பாக்கியைப் பூட்டி வைத்தாக வேண்டும் என்ற சட்டம் மிச்சிகனிலே நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரி 13ஆம் நாள். நான்கு பிணம் விழுந்து ஈராண்டுக்குப் பின்!

ஏதோ ஒரு வடிவிலே பூட்டுச் சட்டமோ, பிள்ளைகளுக்கு எட்டாமற் காக்கும் சட்டமோ இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களிலே உண்டு. பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் இல்லாத மாநிலங்களிலே ஒன்றாக இருந்தது ஜார்ஜியா. 2024 செப்டம்பர் 4ஆம் நாள், அங்குள்ள அபலாச்சி உயர்நிலைப் பள்ளியிலே, 14 வயது மாணவன் கையிலே நீள்துப்பாக்கி. மாணவர் இருவர், ஆசிரியர் இருவர் மாண்டனர். துப்பாக்கி, தந்தை பரிசாக வாங்கிக் கொடுத்தது என்றது அரசுத் தரப்பு. தந்தைமீதும் கொலைக் குற்றம் சாட்டிற்று. அந்த நாட்டிலே காவல் நிலையங்கள் பலவற்றிலே துப்பாக்கிப் பூட்டுக்கு விலை இல்லை. போய்க் கேட்டால் இலவசமாகவே கொடுப்பார்கள்.